விண்கலத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதானா?

தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை வெளியிடும் இதழாசிரியர்களுக்கும், போட்டி வைத்துப் பரிசுக் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை எங்களுக்கு உண்டு. அன்றைக்குப் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதை வாசிப்போம், சில நாள் எழுதவும் செய்வோம். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில், விண்வெளியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பூமியிலிருந்து குடம் குடமாக அனுப்பிக் கட்டுப்படியாகாது. அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள். 2023ல் இந்த மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டுவிட்டதாக நாசா அறிவித்தது. பிள்ளைகள் "சீ" என்று முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அங்க எல்லாருக்கும் தொட்டி ஒண்ணுதானா டீச்சர்?"

வகுப்பு கப்சிப் என்றாகிவிட்டது. அவள் தெருவுக்குத் தனித் தொட்டி. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"ஒண்ணுதான்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். 2150ல் நாற்பது பேரோடு செவ்வாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது ஒரு கலம். மூன்றாம் மாதம், தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் வரைபடத்தில் இல்லாத ஒரு குழாயைக் கண்டுபிடிக்கிறாள். யாரோ இரண்டாவது தடம் போட்டிருக்கிறார்கள். கேப்டனைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்கிறார். பதிவேட்டில் உத்தரவு எதுவும் இல்லை. கலத்தின் கம்ப்யூட்டரும் அப்படியொரு கட்டளை வரவே இல்லை என்கிறது. ஆனால் யார் எந்தக் குழாயில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது.

கதையை நானே தட்டச்சு செய்து ஒரு போட்டிக்கு அனுப்பிவைத்தேன். திரும்பி வந்த குறிப்பில் இரண்டே வரி. மொழி நன்றாக இருக்கிறது. ஆனால் இது சமூகக் கதை, அறிவியல் புனைகதை ஆகாது, 2150ல் சாதி இருக்காது.

பரிசு வராததில் எனக்கு வருத்தமில்லை. அந்த இரண்டாவது வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது ஒரே ஒரு நடுவரின் எண்ணமாக இருந்திருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன். அதன் பிறகு ஓராண்டாக, கைக்குக் கிடைத்த தமிழ் அறிவியல் கதைகளையெல்லாம் தேடி வாசித்தேன். கண்ணாடிக் கூரை போட்ட தூய நகரம் வருகிறது. கதிர்வீச்சில் வெந்துபோய் மதிலுக்கு வெளியே கிடக்கும் மக்கள் வருகிறார்கள். கழுத்தில் சிப், ரத்தத்தில் மதிப்பெண், வானில் கண்காணிக்கும் ட்ரோன் எல்லாம் வருகின்றன. தீட்டு என்ற சொல் நான் வாசித்த எதிலும் வரவில்லை. தூய்மை, கலப்பு, விலக்கு என்று கதை முழுக்கப் பேசிவிட்டு, இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கும் ஒரு மொழியில் அந்தச் சொல்லைத் தொடாமலே எப்படித் தாண்டிப்போகிறோம்?

உங்களில் பலர் வழிகாட்டியாக வைத்திருக்கும் மேலைநாட்டுக் கதைகளுக்கே வருகிறேன். 1932ல் ஆல்டஸ் ஹக்ஸ்லி 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதினார். குடுவையில் பிறக்கும் மனிதர்களை ஐந்து அடுக்காகப் பிரித்தார். அந்த அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர் 'காஸ்ட்', அதாவது சாதி. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் இந்தியாவில் சுற்றிவிட்டுப் போய்ப் பயண நூலும் எழுதியவர் அவர். கதையில் ஆல்பாவுக்குச் சாம்பல் உடை, காமாவுக்குப் பச்சை, டெல்டாவுக்குக் காக்கி, எப்சிலனுக்குக் கறுப்பு. பீட்டா குழந்தைகள் தூங்கும்போது தலையணைக்கடியில் ஒரு குரல் ஓதிக்கொண்டே இருக்கும். ஆல்பாவாகப் பிறந்திருந்தால் எவ்வளவு உழைக்க வேண்டும், காமாவாகப் பிறந்திருந்தால் எவ்வளவு மட்டம், நல்லவேளை நான் பீட்டா என்று. ஆங்கிலேயர் ஒருவர் நம் சரக்கை எடுத்துக்கொண்டு போய்த் தன் எதிர்காலத்தைக் கட்டினார். அதை நாம் 'ஜானர்', தனி இலக்கிய வகை என்று கொண்டாடிப் படிக்கிறோம். நம் பிள்ளை தன் தெருவிலிருந்து அதே சரக்கை எடுத்தால் 'சமூகக் கதை' என்று தள்ளிவைக்கிறோம்.

உடையின் நிறம் என்றதும் என் வகுப்புதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்துப் பையன்கள் மணிக்கட்டில் கயிறு கட்டுவார்கள். எந்த நிறக் கலவை எந்தச் சாதி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். 2019ல் பள்ளிக் கல்வித்துறையே இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது, பிறகு அது கிளப்பிய அரசியல் சத்தத்தில் அமுங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டிருக்கிறது. நான் ஒருமுறை ஒரு பையனிடம் கயிற்றைக் கழற்றச் சொன்னேன். கைக்கடிகாரத்தின் பட்டைக்கு அடியில் ஒளித்துக் கட்டியிருந்தான். வியர்வையில் சாயம் போய், இரண்டு நிறமும் ஒன்றாகிப் பழுப்பேறிக் கிடந்தது. அவிழ்த்தபோது மணிக்கட்டைச் சுற்றி வெயில் படாத ஒரு வெளுத்த வளையம். கயிறு என் மேசை டிராயருக்குப் போய்விட்டது. வளையம் அடுத்த ஆறு மாதம் அவன் கையிலேயே இருந்தது, எல்லோரும் அதையும் படித்தார்கள்.

இதை 2150ல் வைத்துக் கதையாக எழுதி அனுப்பியிருந்தால் "கற்பனை அபாரம்" என்று குறிப்பு வந்திருக்குமோ என்னவோ.

1997ல் வந்த 'கட்டாக்கா' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மரபணுவைத் திருத்திப் பெற்ற பிள்ளைகளுக்கே நல்ல வேலை. இயற்கையாகப் பிறந்த நாயகன் துப்புரவு வேலைதான் பார்க்கலாம். வேறொருவன் அடையாளத்தில் விண்வெளி நிறுவனத்தில் நுழைந்தவன், தினமும் காலையில் தன் தோலைச் சுரண்டித் தேய்த்து, உதிரும் செதிலையும் முடியையும் எரித்துவிட்டுத்தான் வெளியே வருவான். தான் நடந்த இடத்தில் தன் உடம்பின் தடம் ஒரு துளிகூடத் தங்கக் கூடாது. அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அம்பேத்கர் எழுதிய இன்னொரு காட்சி வந்தது. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவர் இடுப்பில் விளக்குமாறு கட்டிக்கொண்டு, தான் மிதித்த புழுதியைத் தானே பெருக்கிக்கொண்டே நடக்க வேண்டும். எச்சில் தரையில் விழாமல் பிடிக்கக் கழுத்தில் மண்சட்டி தொங்க வேண்டும். 1936ல் லாகூரில் பேசுவதற்காக அவர் எழுதிய உரையில் இது இருக்கிறது. அந்த உரை தங்களுக்குச் சரிப்படாது என்று ஏற்பாட்டாளர்கள் கூட்டத்தையே ரத்துசெய்தார்கள். அவர் தன் செலவில் அச்சடித்து வெளியிட்டார்.

திருப்பி அனுப்பப்பட்ட எழுத்து என்பதால் அதை இங்கே சொல்லத் தோன்றியது.

அந்தப் படம் எடுத்தவர்களுக்கும் அவர்கள் மண்ணில் ஆதாரம் இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1924ல் ரத்தத் தூய்மையைக் காக்கவென்றே ஒரு சட்டம் போட்டு, வெள்ளையர் மற்ற இனத்தாரை மணப்பதைத் தடைசெய்தது. 1967ல்தான் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என 1927ல் அதே உச்சநீதிமன்றம் அனுமதி கொடுத்திருந்தது. 1935ல் யூதரோடு மணம் கூடாது என்ற ஜெர்மனியின் நூரம்பர்க் சட்டங்கள் வந்தன. மேற்கின் டிஸ்டோபியாக்கள், அதாவது கொடுமையான எதிர்காலத்தைக் காட்டும் கதைகள், இந்தச் சட்டப் புத்தகங்களிலிருந்து எழுந்தவை. கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் தன் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலைப் பற்றிச் சொன்னது உங்களுக்குத் தெரியும், மனித வரலாற்றில் எங்காவது நடந்திராத எதையும் அதில் சேர்க்கவில்லை என்றார். அந்த விதியை நாம் எடுத்துக்கொண்டால் நம் கையில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேரளத்தில் நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 காலடி, புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் எழுதிவைத்திருக்கின்றன. அது கருவி இல்லாமல் இயங்கிய ஒரு தூரமானி. வர்ஜீனியா சட்டம் வந்த அதே 1924ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக மக்கள் சிறைக்குப் போனார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் புரத வண்ணார் என்ற மக்கள் பகலில் வெளியே வரக் கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்ற நிலையில் இரவில் மட்டும் நடமாடியதை 1932ல் 'தி இந்து' நாளிதழ் எழுதியது. அவர்கள் துவைத்துக் கொடுத்தது தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் துணியைத்தான். மதுரைப் பக்கம் 'ரேகைச் சட்டம்' என்று இன்றும் பெரியவர்கள் சொல்லும் குற்றப் பழங்குடிகள் சட்டம், ஒரு சாதியில் பிறந்ததற்காகவே ஆட்களைப் பதிவுசெய்து கைரேகை எடுத்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். குற்றம் நடக்கும் முன்பே குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் என்று நீங்கள் எழுதும் கதையின் பாட்டன் அது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரில் மின்சாரம் பாய்ச்சிய கம்பி ஓடியது 2008ல் வெளியே தெரிந்தது. அந்த மே 6ஆம் தேதி அரசு அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. வழக்கு பல திருப்பம் கண்டுவிட்டது, யார் செய்தார்கள் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீரில் கலந்தது யாருடையது என்று அறிய ஊர்க்காரர்களிடம் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். மரபணு ஆய்வகமும் தீட்டும் ஒரே தொட்டியில் சந்தித்துவிட்டன. இதற்கு மேல் எந்த எதிர்காலத்துக்காகக் காத்திருக்கிறோம்?

இதையெல்லாம் கதையில் அப்படியே கொட்டுங்கள் என்று கேட்கவில்லை. நம் யதார்த்த இலக்கியம் இந்த வேலையை வெகு நாளாகச் செய்துவருகிறது. புரத வண்ணார் வாழ்வை இமையம் 1994லேயே 'கோவேறு கழுதைகள்' நாவலில் எழுதிவிட்டார். அறிவியல் புனைகதை செய்ய வேண்டியது வேறு. தீட்டு எப்படி இயங்குகிறது என்று அதன் பொறியமைப்பைத் திறந்து காட்ட வேண்டும். அங்கேதான் கடன் வாங்கிய டிஸ்டோபியா நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன்.

கடன் வாங்கிய கதையில் உச்சியில் ஒரு சர்வாதிகாரி அல்லது ஒரு மையக் கம்ப்யூட்டர் இருக்கும். கீழே இரண்டே கூட்டம், தூயவர், கழிக்கப்பட்டவர். கடைசி அத்தியாயத்தில் நாயகன் கம்ப்யூட்டரை உடைத்தால் மதில் இடிந்துவிடும். எங்கள் ஊரில் அப்படி உடைக்க எதுவுமில்லை. டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. தீண்டாமையை ஒழித்துவிட்டதாக 1950லிருந்து அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருக்கிறது. உத்தரவு மேலேயிருந்து வராததால் அதை ரத்துசெய்யவும் ஆளில்லை. கூட்டமும் இரண்டல்ல. 1920ல் 'மூக்நாயக்' முதல் இதழில் அம்பேத்கர் இந்தச் சமூகத்தைப் பல மாடிக் கோபுரம் என்றார். ஏணி கிடையாது, வாசல் கிடையாது, பிறந்த மாடியிலேயே சாக வேண்டும். எனக்குக் கீழே ஒரு மாடி இருக்கிறது என்ற நிம்மதியில் எல்லா மாடியும் நிற்கிறது. ஹக்ஸ்லியின் தலையணைக் குரல் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான், நாம் எழுதும்போது இதைத்தான் விட்டுவிடுகிறோம். என் மாணவியின் கதையில் கேப்டனுக்குக் குழாய் பற்றித் தெரியாது, கம்ப்யூட்டரில் கட்டளை இல்லை. பதினான்கு வயதுப் பெண் இதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். வாசித்த நடுவர் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பிள்ளை பெறவே அரசாங்க அனுமதி வேண்டும் என்ற உலகத்தை ஒரு தலைமுறைக்கே கண்முன் நிறுத்தியவர் அவர். அந்த உலகத்தில் எல்லோருக்கும் நிலா, சிபி, ரவி என்று சின்னஞ்சிறு பெயர்கள். சாதி ஒட்ட அவற்றில் இடமே இல்லை. நாமும் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டியவர்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெயரில் போனது தெருவில் போகவில்லை, பந்தியில் போகவில்லை, கல்யாணத்தில் போகவே இல்லை. திருமணத் தளங்களில் சாதி, உட்பிரிவு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து வடிகட்டும் வசதி இருக்கிறதே, அதை எழுதிக் கொடுத்தவர்களும் நம்மோடு படித்த பொறியாளர்கள்தான். மென்பொருள் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பும் எழுத்தாளர் ஒரு மாலைப்பொழுது அந்தத் தளங்களில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சொல்வதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது. தமிழில் எதிர்காலத்தைத் துணிந்து கனவு கண்ட முதல் எழுத்துகளில் பெரியாரின் 'இனிவரும் உலகம்' ஒன்று. ஆளுக்கொரு ரேடியோ, முகம் பார்த்துப் பேசும் கருவி, சாதியும் எசமானனும் இல்லாத உலகம். அதே நூலில், பொலிகாளையைப் போல ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் வீரியத்தை ஊசி வழியாகச் செலுத்தி, நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகளைப் பிறக்கவைப்பார்கள் என்ற வரியும் இருக்கிறது. பிறப்பில் உயர்வு தாழ்வு பார்ப்பதை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் அவர். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அடித்த இனமேம்பாட்டுக் காற்று அவர் கனவுக்குள்ளும் நுழைந்துவிட்டிருக்கிறது. எனக்கு அவர் மேல் இருக்கும் நன்றி இதனால் ஒரு துளியும் குறையாது. தூய்மை என்பது 'மேம்பாடு' என்ற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் அவ்வளவு பெரிய மனிதருக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை, நமக்கு எங்கே தெரியும்? மரபணுத் திருத்தம் கைக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில் தமிழ் அறிவியல் புனைகதை நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு நல்ல நாவலுக்கு இந்த ஒரு வரியே போதும்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சில கேள்விகளை முன்னே வையுங்கள் என்பதுதான். உங்கள் கலத்தில் கழிப்பறை அடைத்துக்கொண்டால் யார் கையை விடுவார்? சர்வதேச விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர்களே பழுது பார்க்கிறார்கள். இங்கே மனிதரை மலம் அள்ளவைக்கக் கூடாது என்று 1993லும், பாதுகாப்பில்லாமல் சாக்கடைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013லும் சட்டம் போட்டாயிற்று, கேரளத்துப் பொறியாளர்கள் அந்த வேலைக்கு 'பாண்டிகூட்' என்று ரோபோவே செய்துவிட்டார்கள், ஆனாலும் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். கருவி இருந்தும் கை ஏன் இறங்குகிறது என்பது சுத்தமான அறிவியல் புனைகதைக் கேள்வி. அப்புறம், ஒடுக்கப்பட்டவரை மதிலுக்கு வெளியே நின்று அழுகிறவராக மட்டும் எழுதாதீர்கள். என் மாணவியின் நாயகி அழவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாய் போகும் வழியே போகிறாள்.

இதழாசிரியர்களே, நடுவர்களே, 'சமூகக் கதை' என்ற அந்தத் தனி டம்ளரை எடுத்துவிடுங்கள். கதையில் அறிவியல் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். அவள் முதல் வரைவில் பிழை இருந்தது. 98 சதவீதம் மீட்டாலும் நாற்பது பேருக்கு ஒரு நாளில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடாமல் விட்டிருந்தாள். இரண்டாவது தடம் போட்டால் வடிகட்டியும் இரண்டாகும், மின்சாரம் கூடும், உதிரிப்பாகம் சீக்கிரம் தீரும். இயற்பியல் ஆசிரியரோடு உட்கார்ந்து இரண்டு சனிக்கிழமை கணக்குப் போட்டாள். இப்போது கதையில், பிரித்துக் குடிப்பதால் கலம் போய்ச் சேர முடியாது என்பது எண்களாகவே வருகிறது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாயகி சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைகிறாள். நாற்பது பேரும் கணக்கைப் பார்க்கிறார்கள். ஒருவரும் குழாயை மாற்றிப் பிடிக்கவில்லை.

அந்த இடத்தில் நிற்கிறது. "இதுக்கப்புறம் என்ன எழுதன்னு தெரியல டீச்சர்" என்றாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். இப்போது பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு மார்ச்சில். தேர்வு முடிந்ததும் எழுதி முடித்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அதே 2150, அதே தண்ணீர்ப் பிரிவு, அதே இரண்டாவது குழாய்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை